கவுனி அரிசித் தோட்டா

என் கணவரின் அக்கா எங்களோடு வந்து தங்கிய முதல் மாதம் எங்களுக்குள் பேச்சு குறைவு. சண்டை எதுவும் கிடையாது. அவர் பதினோரு வருஷம் யாங்கோன் ஓரத்து லைங் தாயாவில் ஒரு சட்டைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். கடைசி நான்கு வருஷம் சோதனைப் பிரிவு. தைத்து வரும் சட்டைகளை விளக்கடியில் விரித்துப் பார்த்து, ஒரு தையல் தவறியிருந்தாலும் சிவப்புத் துண்டு ஒட்டித் திருப்பி அனுப்ப வேண்டும். ஒருநாள் தொழிற்சாலையை மூடி இயந்திரங்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ஒரு டிரங்குப் பெட்டியும் ஒரு பாயுமாக, பசுந்தாங் பகுதியில் எங்கள் மூன்றாம் மாடி வீட்டுக்கு வந்து சேர்ந்தார். கல்யாணம் செய்துகொள்ளாதவர். தம்பி வீட்டைத் தவிர வேறு இடமில்லை.

வேலை போனாலும் கண் ஓயவில்லை. நான் மடித்து வைத்த துணியைப் பிரித்து மறுபடி மடிப்பார். கழுவிக் கவிழ்த்த தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். வாய் திறந்து ஒரு குறை சொல்லமாட்டார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன். அவர் என்னை "ஏம்மா" என்பார். கணவர் துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை. காலையில் போனால் சாயங்காலம்தான் வருவார். எனக்கு வேலை இல்லாத நாள்களில் பகல் முழுக்க இரண்டு பேரும் ஒரே அறையில் ஆளுக்கொரு பக்கம் பார்த்து உட்கார்ந்திருப்போம்.

நான் ஒரு சினிமாக் குழுவில் பொருள்களுக்குப் பொறுப்பு. கதையில் வரும் குடை, கடிதம், விளக்கு, வெற்றிலைப் பெட்டி எல்லாவற்றையும் தேடிக் கொண்டுவந்து, நடிகர் கையில் கொடுத்து, காட்சி முடிந்ததும் திரும்ப வாங்கி வைக்க வேண்டும். கிடைக்காததைச் செய்ய வேண்டும். பன்னிரண்டு வருஷமாகச் செய்கிறேன். பொய்த் தங்க வளையல் செய்திருக்கிறேன், பொய்ப் பல் செய்திருக்கிறேன். சில வருஷங்களுக்கு முன், அண்ணி வந்த மழைக்காலத்தில்தான் முதன்முறையாகத் தோட்டா செய்யச் சொன்னார்கள்.

வெள்ளைக்காரர்கள் கப்பலில் வந்து இந்த ஊரைப் பிடித்த காலத்துக் கதை அது. அதில் ஒரு வெள்ளை அதிகாரி, பிடிபட்ட ஒருவனைச் சுடுவதற்காகத் தன் ரிவால்வரை நிதானமாக நிரப்புகிறான். பேச்சே கிடையாது. அவன் கை மட்டும் திரை முழுக்கத் தெரியும். இயக்குநரை நாங்கள் எல்லோரும் சயா என்றுதான் கூப்பிடுவோம். பர்மியத்தில் ஆசிரியர், ஐயா என்றெல்லாம் பொருள். அவர் என் முன்னால் ஒரு படத்தை நீட்டினார்.

பித்தளைத் தோட்டா வருவதற்கு முந்தைய துப்பாக்கி அது. சுழலும் உருளையில் ஆறு குழி. ஒவ்வொரு குழியிலும் முன்பக்கமாக வெடிமருந்தையும் குண்டையும் போட்டு, குழாயின் அடியில் இருக்கும் நெம்புகோலால் அழுத்த வேண்டும். பின்பக்கம் ஒவ்வொரு குழிக்கும் ஒரு சின்னச் செம்புத் தொப்பி; அதில் அடி விழும்போது பொறி கிளம்பி மருந்து பற்றிக்கொள்ளும். போர்க்களத்தில் மருந்தை அளந்து கொட்டிக்கொண்டிருக்க நேரம் ஏது? அதனால் மெல்லிய காகிதக் கூட்டில் மருந்தை அடைத்து, அதன் வாயில் குண்டை ஒட்டி, முன்கூட்டியே தயாராக வைத்திருப்பார்கள். படத்தில் அந்தக் காகிதத் தோட்டாக்கள் ஒரு சின்னப் பெட்டியில் ஆறு ஆறாக அடுக்கியிருந்தன. சுண்டுவிரலில் பாதி நீளம். பார்க்க மல்லிகை மொட்டு மாதிரி இருந்தது.

"அறுபது வேணும்," என்றார் சயா. "ஒத்திகைக்கும் சேர்த்து. நாள் பதினைந்து."

துப்பாக்கியை ஓடைக்கரையில் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் அலுமினியத்திலும் மரத்திலும் செய்து தந்திருந்தார். குழாயை உள்ளே அடைத்துவிட்டார். அதில் எதையும் சுட முடியாது. ஆனால் உருளை சுற்றும், நெம்புகோல் அசையும். செம்புத் தொப்பிகளையும் அவரே கொடுத்துவிட்டார். காகிதம் மட்டும் என் தலையில் விழுந்தது.

பள்ளி நோட்டுக் காகிதத்தைப் பென்சிலில் சுற்றி ஒட்டிப் பார்த்தேன். தடிமனாக வந்தது, குழிக்குள் போகவில்லை. மெல்லிய காகிதத்தில் செய்தால் பசை பட்ட இடத்தில் கிழிந்தது. தூண்டிலில் கட்டும் ஈயக் குண்டுகளை வாங்கி வந்து ஒட்டினேன். கனம் தாங்காமல் ஒவ்வொன்றாகக் கழன்று தரையில் உருண்டன. மூன்றாம் நாள் பாயில் நாற்பது கோணல் மாணல் சுருள்கள் கிடந்தன. அண்ணி சுவரில் சாய்ந்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, இது என்னாது?"

சொன்னேன். எரிச்சலோடுதான் சொன்னேன். அவர் நகர்ந்து வந்து ஒன்றை எடுத்தார். இரண்டு விரலில் உருட்டினார். முனையைப் பார்த்தார். ஒட்டிய இடத்தை நகத்தால் நெருடினார். ஓரமாக வைத்தார். அடுத்ததை எடுத்தார். நாற்பதையும் அப்படிப் பார்த்து முடிக்க அரைமணி நேரம் ஆனது.

"ஒண்ணுகூடத் தேறாது," என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. "அப்ப நீங்களே செய்யுங்க அண்ணி," என்றேன்.

நான் கோபத்தில் சொன்னதை அவர் கோபமாக எடுத்துக்கொள்ளவில்லை. வேலை கொடுத்ததாக எடுத்துக்கொண்டார். "அந்தத் துப்பாக்கிய இங்க கொண்டா," என்றார்.

முதலில் அவர் தொட்டது கோதுமை மாவை. கெட்டியாகப் பிசைந்து, எண்ணெய் தடவிய ஒரு குழிக்குள் அடைத்து, மெதுவாகச் சுழற்றி வெளியே எடுத்தார். குழியின் உள்பக்கம் அப்படியே மாவில் அச்சாக வந்தது. அதை அடுப்பருகே காயவைத்து, அதன் பருமனைப் பார்த்துப் பார்த்து, உடைந்த அகப்பைக் காம்பு ஒன்றைக் கத்தியால் சீவினார். ஒரு நாள் முழுக்கச் சீவினார். நுனிப்பக்கம் கொஞ்சம் ஒடுங்கி, மேலே வர வர அகலமாக, கண்ணாடிச் சில்லால் தேய்த்து வழவழவென்று ஓர் அச்சுக் குச்சி தயாரானது. "அளவு தெரியாம வெட்டுனா துணிதான் வீணு," என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. கண் குச்சியிலேயே இருந்தது.

பிறகு டிரங்குப் பெட்டியைத் திறந்தார். அதற்குள் என்ன இருக்கிறது என்று நான் அதுவரை பார்த்ததில்லை. துணிமணிக்கு அடியில் ஒரு கட்டு மெல்லிய வெள்ளைக் காகிதம் இருந்தது. சட்டையை மடித்துப் பெட்டியில் வைக்கும்போது இடையில் சுற்றுவார்களே, அது. தொழிற்சாலை மூடிய அன்று குப்பையில் கிடந்ததை எடுத்து வந்திருக்கிறார். "எதுக்குன்னு தெரியாது. நல்ல காகிதமா இருந்துச்சு," என்றார். நீர்த்த தேநீரில் அதை நனைத்துக் கொடியில் உலர்த்தினோம். வெள்ளை மறைந்து பழைய மஞ்சள் வந்தது. வீடு முழுக்கக் காகிதம் தொங்கியது. அன்று மாலை வேலை முடிந்து வந்த கணவர் குனிந்து குனிந்து நடந்து போய்ச் சாப்பிட உட்கார்ந்தார். நானும் அண்ணியும் சேர்ந்து ஒரு வேலை செய்வதைப் பார்த்ததே அவருக்குப் போதுமாக இருந்திருக்கும்.

குண்டுக்கு மெழுகுவர்த்தி. உருக்கி, உள்ளங்கையில் உருட்டி, பென்சில் முனையைச் சுரண்டிய தூளில் புரட்டினால் ஈயம் மாதிரியே மின்னியது. பசைக்கு முதலில் கஞ்சி. மறுநாள் காலை எறும்பு வரிசை கட்டி நின்றது. அண்ணி மைதாப் பசையில் படிகாரம் கலந்தார். எறும்பு வரவில்லை.

உள்ளே அடைக்கும் மருந்துதான் கடைசி வரை படுத்தியது. ஒரு காட்சியில் கூடு உடைந்து கருமருந்து மேஜையில் சிந்த வேண்டும் என்று சயா சொல்லியிருந்தார். கரித்தூள் போட்டால் காகிதம் அழுக்காகிவிட்டது. கறுப்பு எள் போட்டால் எண்ணெய் ஊறிக் கறை படிந்தது. அண்ணி இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் காலை எதிர்க்கடையில் கறுப்புக் கவுனி அரிசிப் பலகாரம் தேங்காய் தூவி விற்பவளிடம் போய்ப் பச்சை அரிசியாகவே வாங்கி வந்தார். வெறும் சட்டியில் கருக வறுத்து, உரலில் லேசாக இடித்து, சல்லடையில் சலித்தார். கரகரப்பான கறுப்புக் குருணை. எண்ணெய் இல்லை, ஒட்டவில்லை, காகிதத்தில் சாயம் இறங்கவில்லை. சயா கொடுத்த படத்தோடு வைத்துப் பார்த்தேன். வித்தியாசம் சொல்ல முடியவில்லை.

அதன்பின் ஐந்து நாள் அவர் செய்த வேலையை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். வெட்டிய காகிதத்தைக் குச்சியில் சுற்றுவார். ஓரத்தில் பசையை ஒரே இழுப்பில் தடவுவார். நுனியைத் திருகி மடிப்பார். குச்சியை உருவினால் கூடு நிற்கும். குருணையை ஒரு கரண்டி. மேலே குண்டு. குண்டைச் சுற்றிக் காகித விளிம்பை அழுத்திவிடுவார். விரல்கள் தடித்தவை, நகங்கள் ஒட்ட வெட்டியவை. அந்த விரல்களில் அவ்வளவு மென்மை இருக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை. செய்து முடித்ததை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். பிடிக்காவிட்டால் ஓரமாகப் போடுவார். எனக்கு எந்தக் குறையும் தெரியாததையெல்லாம் ஓரமாகப் போட்டார். ஒருமுறை கேட்டேன்.

"இதுல என்ன அண்ணி?"

"நுனி பாரு. ரெண்டு திருகு இருக்கு. மத்ததுல ஒண்ணு."

"அது யாருக்குத் தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியுதே."

பெருமையாகச் சொல்லவில்லை. மழை பெய்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னார்.

ஒத்திகைக்குச் சயா எங்கள் வீட்டுக்கே வந்தார். மூன்று மாடி ஏறி மூச்சு வாங்கிக்கொண்டு பாயில் உட்கார்ந்தார். தோட்டாவைக் கையில் வாங்கிப் பார்த்து மகிழ்ந்துபோனார். பிறகு காட்சியை விளக்கினார். அதிகாரி தோட்டாவின் நுனியைப் பல்லால் கடித்துக் கிழித்து, துப்பிவிட்டு, மருந்தைக் குழிக்குள் கொட்டுவான். முகத்தில் கொடூரம் தெரியும். நான் தலையாட்டினேன். சயா சொன்னால் தலையாட்டித்தான் எனக்குப் பழக்கம்.

அண்ணி அறையின் மூலையிலிருந்து பர்மியத்தில் சொன்னார். "அப்படிச் செய்யமாட்டான் சயா."

சயா திரும்பிப் பார்த்தார்.

"கிழிச்சுக் கொட்டணும்னா குண்டை ஏன் காகிதத்தோட ஒட்டணும்? தனியா வெச்சுக்கலாமே. நுனி ஏன் இவ்வளவு ஒடுக்கம்? உள்ள நழுவிப் போகத்தான். முழுசாப் போட்டு அழுத்தணும். காகிதம் இவ்வளவு மெலிசா இருக்கிறதே, நெருப்பு அதைத் துளைச்சுக்கிட்டுப் போகட்டும்னுதான்."

அவர் துப்பாக்கியைப் பற்றி ஒரு வரி படித்தவர் இல்லை. அந்தச் சின்னப் பொருளைக் கையில் வைத்து வைத்து, அது எதற்காக அப்படி இருக்கிறது என்று தானே கண்டுபிடித்திருக்கிறார். சயா துப்பாக்கியை எடுத்து, ஒரு தோட்டாவை முழுசாகக் குழிக்குள் விட்டு, நெம்புகோலை அழுத்தினார். சின்னதாக ஒரு நசுங்கல் சத்தம். குழியின் வாயில் மெழுகு ஒரு மெல்லிய வளையமாகப் பிதுங்கி நின்றது.

"அது தப்பு," என்றார் அண்ணி உடனே. "குண்டு ஒரு நூல் பெரிசாப் போச்சு. மாத்திடுறேன்."

"வேண்டாம், வேண்டாம்," என்று சயா கையை உயர்த்தினார். "நிஜ ஈயமும் இப்படித்தான் வளையமாகச் சீவப்பட்டு நிற்கும். படித்திருக்கிறேன். அதைப் படித்துவிட்டு மற்றதைக் கோட்டை விட்டிருக்கிறேன் பாருங்கள்." கடிக்கும் காட்சியை அன்றே அடித்துவிட்டார். போகும்போது வாசலில் நின்று, "படப்பிடிப்புக்கு நீங்களும் வாருங்கள் அக்கா," என்றார்.

அக்கரையில் தன்லியினில் ஆற்றோரம் ஒரு பழைய செங்கல் கட்டடத்தில் படப்பிடிப்பு. காலை ஆறரைக்கு வேனில் கிளம்பினோம். ஓட்டுநர், நான், அண்ணி. பின்னால் பெட்டிகள். அறுபது தோட்டாக்களையும் ஒரு பிஸ்கட் தகரத்தில் பஞ்சு வைத்து அடுக்கி, அண்ணி மடியிலேயே வைத்திருந்தார். துப்பாக்கி என் பையில். அதற்கான அனுமதிக் கடிதம் முன்னால் போன சயாவின் காரில். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் கேட்டு வாங்காமல் கிளம்பியது என் தவறு.

தாக்கேத்தாவைத் தாண்டிப் பாலத்துக்கு முன்னால் சோதனைக்கு நிறுத்தினார்கள். மழை தூறிக்கொண்டிருந்தது. நடுவயது அதிகாரி ஒருவர் ஜன்னல் வழியாகத் தகரத்தைக் காட்டித் திறக்கச் சொன்னார்.

"இது என்ன?"

நான் வாயைத் திறந்து, "தோட்டா," என்றேன்.

எத்தனையோ சொல்லியிருக்கலாம். படம் என்று சொல்லியிருக்கலாம், காகிதம் என்று சொல்லியிருக்கலாம். பதினைந்து நாளாக வீட்டில் அந்த வார்த்தையையே சொல்லிச் சொல்லி அதன் பயம் எனக்கு மறந்துபோயிருந்தது. அந்த இடத்தில் அந்த வார்த்தை விழுந்ததும் எல்லாம் மாறியது. பின்னால் நின்ற காவலர் ஓடி முன்னால் வந்தார். ஓட்டுநர் இரண்டு கையையும் உயர்த்தினார். என் பையை இழுத்தார்கள். ரிவால்வர் வெளியே வந்தது.

"இறங்கு!"

இறங்கினோம். கடிதம், கார், சயா என்று ஏதேதோ உளறினேன். யாரும் கேட்கவில்லை. அப்போது அண்ணி, சத்தம் போடாமல், தொழிற்சாலையில் மேலாளரிடம் பேசும் குரலில், "அது அரிசி, ஐயா," என்றார்.

அதிகாரி அவரைப் பார்த்தார்.

"கையை அசைக்கலாமா?" என்று கேட்டார் அண்ணி. அதிகாரி தலையசைத்த பிறகு தகரத்திலிருந்து ஒன்றை இரண்டு விரலால் எடுத்தார். நுனியைப் பல்லால் கிழித்தார். உள்ளங்கையில் கொட்டிக் காட்டினார். கறுப்புக் குருணை. பிறகு அதை வாயில் போட்டு மென்றார். மழைச் சத்தத்துக்கு நடுவில் கரக் கரக் என்று மெல்லும் சத்தம் எனக்குக் கேட்டது. மெழுகுக் குண்டில் நகத்தை அழுத்திக் காட்டினார். நகம் உள்ளே இறங்கியது.

"நீங்கள் எடுத்ததில் மட்டும் அரிசி இருக்கும்," என்றார் அதிகாரி. முட்டாள் இல்லை அவர். தகரத்தின் அடியில் கையை விட்டு வேறொன்றை எடுத்து நீட்டினார். அண்ணி அதையும் வாங்கிக் கிழித்துத் தின்றார். இன்னொன்று. அதையும் தின்றார். நான்காவதை அதிகாரியே பிரித்து, மோந்து பார்த்து, கொஞ்சம் நாக்கில் வைத்தார். முகம் மாறியது.

"கவுனி."

"ஆமாம்."

"வறுத்திருக்கிறீர்கள்."

"ஆமாம். கொஞ்சம் கருகிப்போச்சு."

"தேங்காய் போடவில்லையா?" என்றார். காவலர் சிரித்துவிட்டார். ஓட்டுநர் கையைக் கீழே விட்டார். அதன் பிறகும் அவர்கள் தங்கள் வேலையை ஒழுங்காகச் செய்தார்கள். துப்பாக்கிக் குழாயில் பேனாவை விட்டுப் பார்த்தார்கள். இரண்டு விரல் அளவில் அடைப்பு தட்டியது. சயாவுக்கு நானே போன் செய்தேன். அவர் கடிதத்தோடு திரும்பி வரும் வரை ஓரமாக நிற்கச் சொன்னார்கள். வந்தார், காட்டினார், போகச் சொன்னார்கள்.

பாலம் தாண்டி ஒரு தேநீர்க் கடையில் நிறுத்தினோம். அண்ணி கோப்பையை எடுத்தார். தேநீர் தட்டில் சிந்தியது. மறு கையாலும் பிடித்தார். கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

"வாயி காஞ்சு போச்சும்மா," என்றார். "அந்த அரிசிய முழுங்கவே முடியல. மூணாவது தொண்டையிலயே நின்னுடுச்சு. எங்க இருமிடுவேனோன்னு பயந்துட்டேன்."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் வீட்டுக்கு வந்த நாள் முதல் நான் அவரைத் தொட்டது அதுதான் முதல் தடவை. தேநீர் ஆறும் வரை அப்படியே உட்கார்ந்திருந்தோம்.

தகரத்தைத் திறந்து வைத்திருந்ததில் மழை ஈரம் இறங்கியிருந்தது. அண்ணி ஒவ்வொன்றாகப் பார்த்தார். தின்றதும் பிரித்ததும் போக, ஈரத்தில் தளர்ந்தவற்றையும் கழித்தபின் தேறியது முப்பத்தாறு. ஆறு தடவை நிரப்பலாம்.

படத்தில் வெள்ளை அதிகாரியாக நடித்தவர் யாங்கோனில் மொழிப்பாடம் சொல்லித்தரும் ஐரோப்பியர். உயரமான மனிதர், நல்ல சுபாவம். நடிப்பு புதிது. கேமரா கைக்கு ஒரு சாண் தூரத்தில் வந்ததும் அவருக்கு விரலெல்லாம் வியர்த்தது. கம்பளிச் சட்டை வேறு. முதல் தடவை இரண்டாம் தோட்டா விரலிலேயே நசுங்கியது. அடுத்த தடவை நான்காவது தோட்டா விரலில் ஒட்டிக்கொண்டு வரவில்லை. மூன்றாவது தடவை குண்டு கழன்றது. ஒவ்வொரு தடவையும் உருளையைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும்; கையில் வைத்திருந்த மற்ற தோட்டாக்களும் வியர்வையில் ஊறி, ஆறும் வீணாகிவிடும். ஒவ்வொரு தடவையும் அவர் எங்களைப் பார்த்து மன்னிப்புக் கேட்டார். நான்காவது தடவையும் போனது. பன்னிரண்டு மிச்சம். சயா நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

அண்ணி எழுந்து ஒப்பனைக்காரப் பெண்ணிடம் போனார். காய்ந்த தனகா தூள் ஒரு சிட்டிகை கேட்டார். இங்கே பெண்கள் கன்னத்தில் பூசுவோமே, அந்த மரப்பட்டைத் தூள். நேராக அந்த ஐரோப்பியர் முன்னால் போய் நின்று, கையை நீட்டச் சொல்லிச் சைகை செய்தார். தன் துண்டால் அவர் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். நுனிகளில் தனகாவைத் தேய்த்து, ஊதி மிச்சத்தைப் பறக்கவிட்டார். இருவருக்கும் பொதுவாக ஒரு மொழி கிடையாது. அண்ணி ஒரு தோட்டாவை எடுத்து, மெழுகுக் குண்டை மட்டும் தொட்டுப் பிடித்துக் காட்டினார். காகிதத்தில் விரல் படவே இல்லை. அவர் அதேபோலப் பிடித்தார். அண்ணி தலையாட்டினார். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்போடு அவருடைய தோள் இறங்கியதை நான் பார்த்தேன்.

ஐந்தாவது தடவை கேமரா ஓடியது. ஒன்று. நெம்புகோல். இரண்டு. நெம்புகோல். அந்தப் பெரிய விரல்கள் அவசரப்படவில்லை. ஒவ்வொன்றும் குழிக்குள் நழுவி நசுங்க, சாம்பல் நிற வளையம் ஒன்று குழியின் வாயில் எழும்பியது. ஐம்பது பேர் இருந்த கட்டடத்தில் ஆற்றுப் படகின் சத்தம் மட்டும் கேட்டது. ஆறாவது இறங்கியதும் அவர் செம்புத் தொப்பிகளை வரிசையாக வைத்து, உருளையை ஒரு சுற்றுச் சுற்றி, நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் எனக்கே பயம் வந்தது. காலையில் மழையில் நின்றபோது வந்த அதே பயம். உள்ளே இருப்பது அரிசி என்று எனக்குத் தெரியாதா? தெரிந்தும் வந்தது.

சயா எழுந்து வந்தார். "இதுதான்," என்றார். பிறகு அண்ணியிடம், "நீங்கள் என்ன வேலை செய்துகொண்டிருந்தீர்கள்?" என்று கேட்டார்.

"சட்டை பார்த்துக்கிட்டிருந்தேன்."

"பார்த்து?"

"தப்பு இருந்தா திருப்பி அனுப்புவேன்."

"நாளைக்கும் வாருங்கள்," என்றார் சயா.

படம் அடுத்த வருஷம் வந்தது. நானும் அண்ணியும் கணவரும் சேர்ந்து போனோம். அந்தக் காட்சி திரையில் ஒரு நிமிஷம்கூட இல்லை. எங்கள் முன்வரிசையில் யாரோ பொட்டலம் பிரித்துத் தின்றுகொண்டிருந்தவர் நடுவில் நிறுத்திவிட்டுப் பார்த்தார். எனக்குக் கண் நிறைந்தது. அண்ணி என் காதருகே குனிந்து, "நாலாவது கொஞ்சம் சாஞ்சு போகுது பார்த்தியா?" என்றார். பார்க்கவில்லை. இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. சாய்ந்துதான் இருக்கும்.

இப்போது அவர் குழுவில் நிரந்தரம். பெயர்ப் பட்டியலில் எனக்கு முன்னால் வருகிறது அவர் பெயர். அது சரிதான். நான் பொருளைத் தேடுவேன். அவர் பொருளைக் கேள்வி கேட்பார். சென்ற மாதம் வடக்கே ஒரு படப்பிடிப்புக்கு முதல்முறையாகத் தனியாகப் போனார். பஸ் நிலையத்தில் அவர் பெட்டியை ஏற்றிவிட்டு வந்தேன். போய்ச் சேர்ந்த மறுநாள் மத்தியானம் போன் வந்தது.

"ஏம்மா, சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன் அண்ணி. அங்க எப்படி?"

"மாட்டு வண்டிச் சக்கரம் ஒண்ணு செய்யச் சொல்லிருக்காங்க. ஓடுறப்போ ஒடையணுமாம். ஆனா மாட்டுக்கு அடிபடக் கூடாது. மூணு வண்டிக்காரங்கள உக்கார வெச்சுப் பேசிக்கிட்டிருக்கேன்." பின்னால் ஆண்குரல்கள் ஒன்றோடொன்று வாதாடுவது கேட்டது. "சரி, வெச்சிடுறேன். இவங்க ஒரு ஆணிய மறந்துட்டுப் பேசுறாங்க."